வரைபடத்தில் இல்லாத அடுப்பு

வேலணையிலிருந்து சரவணை வழியாக நாரந்தனைப் பக்கம் செல்லும் வழிப்போக்கர், பனங்கூடல்களுக்கும் ஆளற்ற வளவுகளுக்கும் இடையே அண்மைக் காலத்தில் எழுந்திருக்கும் கல்வீடுகளையும் அவற்றின் முகப்புத் தூண்களையும் கண்டு, புலம்பெயர்ந்த பிள்ளைகளின் உழைப்பு ஊருக்குத் திரும்பி வந்திருக்கும் விதத்தை எண்ணி மகிழ்வது இயல்பு. ஆயினும் அவ்வீடுகளின் பின்வளவை ஒருமுறை எட்டிப் பார்ப்பவருக்கு, வீட்டின் வரைபடத்தில் எங்கும் இடம்பெறாத ஒரு சிறு கொட்டில், கிடுகாலோ துருவேறிய தகரத்தாலோ வேயப்பட்டு, சுவரோடு ஒட்டியும் ஒட்டாமலும் நிற்பதும், காலையும் மாலையும் புகை எழுவது அக்கொட்டிலிலிருந்துதான் என்பதும் புலனாகும்.

எனது பெரியம்மா ஒருவரின் வீடும் அத்தகையதே. ரொறன்ரோவில் இருக்கும் மகன் அனுப்பிய படத்தைப் பார்த்துக் கட்டிய குசினி அது. பளபளக்கும் கருங்கல் மேடை, கூரை மட்டும் எழும்பிய அலுமாரிகள், நான்கு வாய் எரிவாயு அடுப்பு என ஒன்றிலும் குறைவைக்கவில்லை. நான் போயிருந்தபோது அந்த அடுப்பின்மேல் பூப்போட்ட துணியொன்று விரிக்கப்பட்டு, துணியின்மேல் மருந்துப் போத்தல்களும் கோயில் விபூதிப் பொட்டலமும் வைக்கப்பட்டிருந்தன. பெரியம்மாவோ கொட்டிலில் பலகைக்கட்டையில் இருந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன்.

“உது வடிவான குசினிதான், தம்பி. தேத்தண்ணி வைக்கலாம், வாற ஆக்களுக்குக் காட்டலாம். உதுக்குள்ளை நிண்டு ஒரு பிட்டு அவிச்செடுக்க ஏலாது” என்றார்.

பிட்டு அவிக்க முடியாத குசினியைக் குசினி என்று கூறுவது எங்ஙனம் என்ற கேள்வி அன்று முதல் என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. குசினி என்ற சொல்லே கடல் கடந்து வந்ததுதான். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் தங்கள் மேசையையும் அலுமாரியையும் யன்னலையும் போலவே இச்சொல்லையும் எமது நாவில் விட்டுச் சென்றனர். சொல் அவர்களுடையதாயினும் பொருள் எமதாகவே இருந்தது. பனையோலை வேய்ந்த வீடுகள் இருந்த காலத்தில், ஒரு தீப்பொறி முழு வீட்டையும் சாம்பலாக்கிவிடும் என்ற பயத்தினால், அடுக்களையைப் பெருவீட்டிலிருந்து பிரித்து, முற்றத்துக்கு அப்பால் தனிக்கூரையின் கீழ் அமைத்தார்கள். ஓடும் சீமெந்தும் வந்த பின்னர் தீயின் பயம் நீங்கியது. ஆனால் அந்தப் பிரிவினையினால் கிடைத்த வேறு சௌகரியங்கள் பல உண்டென்பதை, அவை கைவிட்டுப் போன பின்னரே நாம் உணரலானோம்.

அவற்றுள் முதலாவது காற்று. சமையலறை அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில் அமைய வேண்டும் என்பது சாஸ்திரம். இதனை மூடநம்பிக்கை என்று சிரிப்பாரும் உளர், காரணம் கேளாது கைகூப்புவாரும் உளர். தீவுப்பகுதியில் பிறந்தவன் ஒருவன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் இவ்விரு சாராரையும் விட்டு விலகி நிற்கலாம். எமது தீவுகளை ஆளும் காற்றுகள் இரண்டே. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசுவது சோழகம். மாரி தொடங்கிய பின் வடகிழக்கிலிருந்து வருவது வாடை. வீட்டைச் சதுரமாக வரைந்து இவ்விரு காற்றுகளின் பாதையையும் கோடாக இழுத்துப் பார்த்தால், இரண்டும் தென்மேற்கு மூலைக்கும் வடகிழக்கு மூலைக்கும் இடையே செல்லும் ஒரே கோட்டில்தான் அமைகின்றன. அடுப்பு அக்கோட்டின் எந்த முனையில் இருந்தாலும் ஆண்டில் பாதிக் காலம் புகையும் மிளகாய் வறுக்கும் நெடியும் வீட்டுக்குள்ளேயே நுழையும். தென்கிழக்கு மூலையோ அக்கோட்டுக்குப் புறம்பானது. சோழக காலத்தில் அங்கே எழும் புகை கிழக்குச் சுவருக்கு அப்பாலும், வாடைக் காலத்தில் தெற்குச் சுவருக்கு அப்பாலும் ஒதுங்கிப் போய்விடும். இதே நியாயம் வடமேற்கு மூலைக்கும் பொருந்துமென்பதையும், தென்கிழக்கு வாய்க்காவிடில் வாயு மூலையாகிய வடமேற்கைக் கொள்ளலாம் என்று சாஸ்திரமே விதிவிலக்குத் தருவதையும் சேர்த்துப் பார்க்கும்போது, இதை எழுதி வைத்தவர் எவராயினும் புகையில் கண் கரித்தவராகவே இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு மூலைகளுள் தென்கிழக்குக்கே முதன்மை கொடுத்ததற்கும் காரணம் வெளிப்படை. காலைச் சமையலுக்கு வெளிச்சம் கிழக்கிலிருந்து கிடைக்கிறது. மேற்கு வெயிலில் காய்ந்த சுவரோ மாலைச் சமையல் வேளையில் இன்னோர் அடுப்பாக மாறிவிடுகிறது.

பெரியம்மாவின் புதிய குசினி தென்மேற்கில் இருந்தது. வீதி எந்தப் பக்கம் என்பதைப் பார்த்து முகப்பை வைத்தவர்கள், எஞ்சிய இடத்தில் குசினியை ஒதுக்கியிருந்தார்கள். ரொறன்ரோவில் அது ஒரு பொருட்டல்ல. அங்கே குளிருக்காகச் சாத்திய யன்னலுக்குள் நெடியை உறிஞ்சி வெளியேற்றும் இயந்திரம் தலைக்குமேல் இயங்குகிறது. இங்கே சோழகம் அந்த வேலையைச் சம்பளமின்றிச் செய்யக் காத்திருக்க, நாம் அதற்கு எதிராகவே கதவைத் திறந்து வைத்தோம்.

மேல்நாட்டாரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. சமையலறையை ஓர் ஆராய்ச்சிக்குரிய பொருளாக முதன்முதலில் எடுத்துக்கொண்ட பெருமை அவர்களுக்கே உரியது. தொழிற்சாலைகளில் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்து வீண் அசைவுகளைக் களைந்த முறையை, அமெரிக்கப் பெண்மணியான கிறிஸ்ரின் பிரடெரிக் 1912 அளவில் அடுக்களைக்குக் கொண்டுவந்தார். அவருடைய எழுத்துகளைப் படித்த மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், 1926 இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வகுத்தார். அகலம் ஏறத்தாழ 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். புகைவண்டியின் உணவுப்பெட்டியில் நின்ற இடத்தில் நின்றுகொண்டே பலருக்குச் சமைக்கும் முறையை அவர் உதாரணமாகக் கொண்டார். அரிசிக்கும் சீனிக்கும் பருப்புக்கும் தனித்தனி அலுமினிய இழுப்பறைகள், யன்னலோரம் வெட்டும் பலகை, உயரம் மாற்றக்கூடிய சுழலும் முக்காலி என்று அவர் கவனியாத பொருளில்லை. சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்று உலகெங்கும் கடைகளில் அடுக்கி விற்கப்படும் சமையலறைகள் யாவும் அதன் வழித்தோன்றல்கள் என்றே கூறலாம். பெரியம்மாவின் கருங்கல் மேடைக்கும் அதுவே பாட்டி.

அக்குடியிருப்பாளர்களுள் பலர் அன்றே முறையிட்டதுண்டு, குசினிக்குள் இருந்து உண்ண இடமில்லை, இரண்டு பேர் சேர்ந்து நிற்க வழியில்லை என்று. ஒரு பெண் தனியே நின்று வேகமாகச் சமைத்து முடிப்பாள் என்பதே அதன் ஆதாரக் கருத்து. சரவணையில் நிலைமை வேறு. சாதாரண நாளிலேயே தேங்காய் திருவ ஒருவர், மீன் வெட்ட ஒருவர், மூலையில் இருந்து கதை சொல்ல ஓர் ஆச்சி என மூவர் கூடுவர். கோயில் திருவிழாக் காலத்தில் மச்சாள்மார், சின்னம்மாமார் வந்துவிட்டால் தொகை சொல்ல முடியாது. பின்னாளில், 1940களில், இலினோய் பல்கலைக்கழகத்தார் தொட்டி, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றையும் ஒரு முக்கோணமாகக் கொண்டு அதன் மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 26 அடிக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் சிறு குசினிக்கு அது நல்ல விதி, பின்பற்றத்தக்கது. ஆனால் எமது முக்கோணத்தின் ஒரு முனை கிணற்றடியில் இருக்கிறது, மற்றொன்று அம்மியடியில். குளிர்சாதனப் பெட்டியோ விறாந்தையில் விருந்தினர் காணும்படி நிற்கிறது!

உயரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதில் நானே ஏமாந்தவன். என் வீட்டுக் குசினி மேடையைக் கட்டியபோது மேசனார் தம்முடைய முழங்கையை மடித்துப் பார்த்து, “36 அங்குலம், திறமான உயரம்” என்று முடிவு செய்தார். அவர் 6 அடி மனிதர். என் மனைவி 5 அடி. 5 அடி உயரமுள்ளவரின் முழங்கை தரையிலிருந்து ஏறக்குறைய 38 அங்குலத்தில் இருக்கும். காய்கறி அரிவதற்கு மேடை முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் தாழ்ந்திருத்தல் வேண்டும். மா பிசைவது, அரைப்பது, இடிப்பது போன்று உடற்பாரத்தைக் கைவழியே இறக்கும் வேலைகளுக்கு 8 முதல் 10 அங்குலம் தாழ்ந்திருத்தல் வேண்டும். மேடை அதற்கு மேற்பட்டால் தோள்கள் எழும்பும், இரவில் நோவெண்ணெய்ப் போத்தல் கட்டிலடிக்கு வரும். இப்போது என் மனைவி ஒரு பலகையின்மேல் ஏறி நின்றே ரொட்டிக்கு மா குழைக்கிறாள். அப்பலகையில் நான் பலமுறை தடுக்கி விழுந்திருக்கிறேன், அது வேறு விடயம்.

இனிப் பிட்டு. யாழ்ப்பாணத்துப் பிட்டு மாவை வறுத்துக் கொதிநீர் ஊற்றி அகப்பைக்காம்பினால் கிளறிய பின், ஒரு வெறும் பேணியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் விளிம்பினால் மாத்திரளைக் கொத்திக் கொத்திச் சிறுமணிகளாக்க வேண்டும். கை மேலிருந்து கீழாக, விடாது, ஒரே தாளகதியில் இயங்குவதைப் பெரியம்மாவிடம் பார்க்க வேண்டும். வலது கை கொத்தும்போது இடது கை தாச்சியைச் சிறுகச் சிறுகத் திருப்பிக்கொண்டிருக்கும். பேணியின் ஓசை மந்தமாக இருந்து மெல்லக் கலகலப்பாக மாறும்போது மா பதமாகிவிட்டது என்று கண்ணால் பாராமலே சொல்லிவிடுவார். இதற்குத் தாச்சி இடுப்புக்கும் கீழே இருக்க வேண்டும். அடுத்து அவித்தல். 36 அங்குல மேடையின்மேல் எரிவாயு அடுப்பு 6 அங்குலம், பானை 10 அங்குலம், பானை வாய்க்கு மேலே எழுந்து நிற்கும் நீத்துப்பெட்டி 8 அங்குலம். கூட்டிப் பாருங்கள், 60 அங்குலம். அதாவது 5 அடி உயரமுள்ள பெரியம்மாவின் உச்சந்தலைக்குச் சமமாக நீத்துப்பெட்டியின் வாய் நிற்கும். உள்ளே பிட்டு வெந்ததா என்று அவர் பார்க்க வழியில்லை, இறக்கும்போது ஆவி நேரே முகத்தில் அடிக்கும். உதுக்குள்ளை நிண்டு பிட்டு அவிக்க ஏலாது என்று அவர் கூறியது பழமைப் பிடிவாதம் என்று நான் எண்ணியிருந்தேன். அளவுநாடாவோ அவர் பக்கம் பேசியது.

ஆகையினால் மேடை முழுவதையும் ஒரே மட்டத்தில் கட்டுவதுதான் எமது வீடுகளில் செய்யப்படும் முதற்பிழை. வெட்டும் பகுதி 33 அங்குலம், எரிவாயு அடுப்பு நிற்கும் பகுதி அதனினும் 4 அங்குலம் தாழ்வு, மா குழைக்கவும் இடியப்ப உரல் பிழியவும் 28 அங்குலத்தில் ஒரு திட்டு என்று படிபடியாக அமைத்தால் மேசனுக்கு அரைநாள் வேலை கூடும், அவ்வளவே. இடியப்ப உரலின் இரு கைப்பிடிகளையும் மார்பளவில் வைத்து அழுத்திப் பார்த்தவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. திருவலையை வைத்து இருந்து தேங்காய் திருவுவதற்கு ஆறடிக்கு நாலடி வெறுந்தரையும் விட வேண்டும்.

ஆயினும் உயரங்களைச் சீர்திருத்திவிட்டால் கொட்டில் மறைந்துவிடும் என்று நான் நம்பவில்லை, மறைய வேண்டும் என்று விரும்பவும் இல்லை. தீவுப்பகுதி வளவில் விறகு விலைகொடுத்து வாங்கும் பொருளன்று. பனைமட்டை, கங்குமட்டை, பன்னாடை, ஊமல், தென்னம்பாளை, பொச்சு, சிரட்டை என அது நாளும் தானே விழுந்து கிடக்கிறது. 2012 ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணக்கெடுப்பில்கூட இலங்கைக் குடும்பங்களுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. 2021 இன் இறுதியில் நாடெங்கும் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்து மக்கள் சிலிண்டரைக் கண்டாலே அஞ்சியதும், 2022 இல் 12.5 கிலோ சிலிண்டருக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதும், அவ்வாண்டு மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதும் யாவரும் அறிந்தவை. அந்நாட்களில் நகரத்து மாடிவீடுகளில் நாகரிகமான அடுப்புகள் குளிர்ந்து கிடக்க, பெரியம்மாவின் கொட்டில் அயலில் மூன்று குடும்பங்களுக்குச் சோறு வடித்தது.

அத்துணைப் பெருமை வாய்ந்த கொட்டிலுக்கு நாம் கொடுத்திருக்கும் இடம்தான் பரிதாபகரமானது. புகைக்கூடு கிடையாது, வெளிச்சம் கிடையாது, தரை மண், மழைக்கு ஒழுக்கு. விறகுப் புகை கண்ணைக் கரிப்பதோடு நிற்பதன்று. வீட்டுக்குள் சூழும் சமையற் புகை முதலியவற்றால் 2020 இல் உலகில் 32 லட்சம் மரணங்கள் நேர்ந்தன என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. சமைப்பவரோடு, சேலைத்தலைப்பைப் பிடித்து நிற்கும் குழந்தையும் அப்புகையையே சுவாசிக்கிறது. எனவே வெளியடுப்பை வரைபடத்திலேயே ஓர் அறையாக, அல்லது மூன்று பக்கம் அரைச்சுவருள்ள விறாந்தையாக, முறையாக வரைந்துவிட வேண்டும் என்பதே என் துணிபு. உள்குசினியின் தென்கிழக்கில், இரண்டுக்கும் இடையே ஒரு கதவோடு, 8 அடிக்கு 10 அடி போதுமானது. அடுப்புமேடை 24 அங்குலத்துக்கு மேற்படலாகாது. புகைக்கூடு அடுப்பு வாயின்மேல் அகன்று தொடங்கி மேலே ஒடுங்கி, கூரை முகட்டுக்கு மேல் 2 அடியாவது எழும்ப வேண்டும். முகட்டுக்குத் தாழ்ந்த புகைக்கூட்டில், முகட்டைத் தாண்டிக் கீழிறங்கும் காற்று புகையைத் திருப்பித் தள்ளிவிடும். புகைக்கூட்டுக்குப் பெருஞ்செலவு செய்துவிட்டு, அழகு கருதி அதனைக் குட்டையாக்கியவர்கள் எம்மூரில் உண்டு.

மூன்று கற்களை வைத்து எரிப்பதினும், 1980களின் நடுப்பகுதியில் இலங்கையில் உருவாக்கப்பட்ட ‘அனகி’ என்ற இரட்டைவாய் மண்ணடுப்பு எவ்வளவோ மேல். ஒரு வாயில் இட்ட விறகின் சுவாலை இரண்டாவது பானையையும் தொட்டுச் செல்வதால், சோறு வேகும்போதே சொதியும் கொதித்துவிடும், விறகும் மிஞ்சும். அதனைச் சுற்றி மண்ணும் செங்கல்லும் வைத்து மேடையோடு அணைத்துவிட்டால் நெடுநாள் உழைக்கும். அடுப்புக்கு மேலே எட்டும் உயரத்தில் பழையபடி ஒரு பரண் இருக்கட்டும். மாரியில் பனங்கட்டிக் குட்டான் கசியாமலும் புளி பூஞ்சணம் பிடிக்காமலும் காக்க, இதுவரை வந்த எந்த அலுமாரியும் பரணுக்கு ஈடாகவில்லை.

தண்ணீருக்கு வருவோம். தீவின் நிலத்தடியில் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் மெல்லிய நன்னீர்ப் படையே எமது கிணறுகளின் சொத்து. இயந்திரமிட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு மேலெழும். அதனால் குடிக்கும் நீர் வேறு, புழங்கும் நீர் வேறு என்பது இங்கே தலைமுறை வழக்கம். அவ்வாறிருக்கத் தொட்டிக்கு மேல் ஒரேயொரு குழாயைப் பொருத்துவது எத்தகைய அறியாமை! நல்ல தண்ணீருக்குத் தனித் தாங்கியும் தனிக் குழாயும் வேண்டும். அது இயலாவிடில் குடம் வைக்க வடக்குச் சுவரோரம், வெயில் படாத இடத்தில், தூக்கிச் சரிக்க வாகாக 20 அங்குலத் திட்டு ஒன்றாவது வேண்டும். மீன் வெட்டுவதற்கும் கரிப்பிடித்த சட்டி தேய்ப்பதற்கும் உள்தொட்டியைப் பயன்படுத்தினால் நாற்றமும் அடைப்புமே மிஞ்சும். வெளியடுப்புக்குப் பக்கத்தில் தாழ்வான கழுவுதிட்டு ஒன்றைக் கட்டி, அதன் வாய்க்காலைக் கிணற்றுக்கு எதிர்த்திசையில் வாழைப்பாத்திக்கு விட்டுவிடலாம். கிணற்றின் திசையைக் கவனிப்பது முக்கியம், ஏனெனில் எமது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் வெடிப்புகள் எதையும் வடிகட்டாமல் அப்படியே கொண்டுபோய்க் கிணற்றில் சேர்த்துவிடும்.

உப்புக் காற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தூள் பலகையில் செய்த அலுமாரி இரண்டு மாரிக்குள் ஊதிப் பெருக்கும், இரும்புப் பிணைச்சல்கள் அதற்கு முன்பே இறுகும். சீமெந்துத் தட்டும் வேப்பம்பலகைக் கதவும் பித்தளைப் பிணைச்சலுமே இங்கு நிலைப்பவை. சிலிண்டரை வெளிச்சுவரில் கூடு கட்டி வைக்கலாம். உள்ளே வைப்பதாயின், எரிவாயு காற்றினும் கனமானது, கசிந்தால் தரையிலேயே தேங்கும் என்பதை நினைவிற்கொண்டு, தரைமட்டத்தில் ஒரு துவாரம் விட வேண்டும். யன்னல் மட்டும் போதாது.

சென்ற தை மாதத்தில் ரொறன்ரோக்காரர் ஊருக்கு வந்திருந்தார். தாயார் கொட்டிலுக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு முதலில் கோபித்துப் பின்னர் மனமிளகி, கொட்டிலைப் பிரித்துவிட்டு வளவின் தென்கிழக்கில் முறையான வெளிக்குசினி ஒன்று கட்டுவதாக ஒப்புக்கொண்டார். மேசனார் வந்தார். வழக்கம்போல் தமது முழங்கையை மடித்தார். பெரியம்மா அவரை விலகச் சொல்லிவிட்டு, அடுப்படியிலிருந்து ஓர் ஊமல்கரியை எடுத்துக்கொண்டு சுவரருகே போய் நேராக நின்று, பிட்டுக் கொத்தும் பாவனையில் கையை இரண்டு தரம் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, கை வந்து நின்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தார்.

“இதிலை கட்டுங்கோ, தம்பி” என்றார். மேசனார் நாடாவைப் பிடித்தார். 28 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு.